அப்படி யாரும் இங்கே இல்லை

'வீட்டைக் கட்டிப் பார்' என்று சொல்லிவைத்த புண்ணியவான் வீட்டை வாங்கிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சொல்லை மாற்றியிருப்பார். கட்டுகிறவனுக்குக் கொத்தனார் மட்டும்தான் பகை. வாங்குகிறவளுக்குப் பார்க்கிறவர்கள் எல்லாம் பகை. நாற்பத்தோரு வயதில் முதல் முறையாக வீடு வாங்கக் கிளம்பிய எனக்கு இது தெரியவில்லை. யாரிடம் கேட்பது? எங்கள் சொந்தத்தில் வீடு வாங்கினவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் வாடகை கொடுத்தே வாழ்ந்து, வாடகை பாக்கியோடு செத்தவர்கள்.

அந்த வீடு தரைத்தளத்தில் இருந்தது. இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் வாசலில் ஒரே ஒரு படிதான். என் வீட்டுக்காரர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. நாங்கள் குடியிருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்தப் பதினாறு மாதத்தில் அவர் கீழே இறங்கியது ஐந்து முறை, ஐந்தும் ஆஸ்பத்திரிக்கு. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். "மகாராஜா பல்லக்கு இல்லாம நகர மாட்டார்" என்று அவரே சிரிப்பார். சிரித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வீட்டைப் பார்க்க அவரால் வர முடியாது. போனில் படம் எடுத்து வந்து காட்டினேன். நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். கதவுகளை அளந்து வரச் சொன்னார். வாசற்கதவு முப்பத்து நான்கு அங்குலம், குளியலறைக் கதவு இருபத்தெட்டு, சக்கர நாற்காலி இருபத்தாறு. "ரெண்டு அங்குலம் மிச்சம்டி. விரல் தப்பிச்சுடும்" என்றார். விழுந்த பிறகு அன்றுதான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விபத்துக்காகக் கான்ட்ராக்டர் கொடுத்த நஷ்டஈடு அத்தனையையும் முன்பணமாகக் கொடுத்தோம். மீதிக்கு என் சம்பளத்தை நம்பி வங்கிக் கடன். விற்கிறவர் ஓய்வுபெற்ற வாத்தியார், ஒப்பந்தத்தையும் பரீட்சைத் தாள் மாதிரியே எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வங்கியின் ஒப்புதல் கடிதம் அவர் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் வீடு அடுத்தவருக்கு, முன்பணம் வாத்தியாருக்கு. அடுத்தவர் தயாராகக் காத்துக்கொண்டும் இருந்தார். ஏற்கனவே ஒரு முறை கெடுவைத் தள்ளிக் கொடுத்திருந்தார் வாத்தியார். "இனிமே கேக்காதேம்மா. நானும் என் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். கடிதம்தான் என்று நினைத்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கடன் பிரிவில் இருந்த மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவள். என் அடையாள அட்டையை வாங்கி, அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"லாண்டரியிலம்மா. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம். மடிக்கிற பிரிவுல சூப்பர்வைசர். பதினஞ்சு வருஷமா."

"அந்த இடத்துக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்கோம். கடன் கொடுக்கறதுக்கு முன்னாடி சொல்லாம கூப்பிட்டு விசாரிக்கறது எங்க வழக்கம்." திரையை என் பக்கம் திருப்பி விரல் வைத்துப் படித்தாள். "மொத தடவை, 'அப்படி யாரும் இங்க இல்லை.' ரெண்டாவது தடவை, 'வேலையை விட்டு நின்னு ரொம்ப நாளாச்சு, வெளிநாடு போயிட்டாங்க.' மூணாவது தடவை..." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க இறந்துட்டதா சொன்னாங்க. சொன்னவங்க அழுதாங்கன்னு குறிச்சிருக்கு."

எனக்கு அந்த நாற்காலியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் லாண்டரியில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே வேலை செய்கிற இருபத்து மூன்று பேரில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு தவணை பாக்கி இருக்கும். டிவி, பிரிட்ஜ், பைக். வசூல்காரர்கள் ஊரிலுள்ள வேலை இடத்துக்கெல்லாம் போன் போட்டு ஆளைத் தேடுவார்கள். முதலாளிக்கோ வாசலில் வசூல்காரன் வந்து நிற்பது ஆகவே ஆகாது. நின்றால் கடன் வாங்கினவனின் கணக்கை அன்றே முடித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அதனால் ஆபீஸ் போனை யார் எடுத்தாலும், எந்தப் பெயரைக் கேட்டாலும், ஒரே பதில்தான். அப்படி யாரும் இங்கே இல்லை. மறுபடி கூப்பிட்டால் வேலையை விட்டாயிற்று. அதற்கு மேலும் கூப்பிட்டால் அவரவர் கற்பனை.

இதை ஆரம்பித்து வைத்தது நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், ஆறடிக்காக. ரோலர் இஸ்திரியில் நிற்கிறவன் அவன், உயரத்துக்கு வைத்த பெயர். தம்பிக்காகத் தன் பெயரில் தவணைக்கு ஒரு பைக் எடுத்தான். தம்பி பைக்கோடு போனவன் போனவன்தான். தவணை மட்டும் அண்ணனைத் தேடி வந்தது. அன்று போனை எடுத்து, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று முதலில் சொன்னது என் வாய். பிறகு எல்லோரையும் கூட்டி வைத்து, குரல் நடுங்காமல் எப்படிச் சொல்வது என்று பாடமும் எடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ஒருமுறை கத்திக் கெட்டது. நான் வகுப்பு நடத்திக் கெட்டேன். அதோடு விட்டேனா? கடன் படிவத்தில் வேலை இடத்துத் தொலைபேசி என்று கேட்ட கட்டத்தில் அதே எண்ணை அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன். யாரிடமும் சொல்லி வைக்க வேண்டும் என்ற புத்தி வரவில்லை.

மேடத்திடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்க இடத்துல எல்லாரும் பொய் சொல்றவங்கன்னு எழுதிக்கட்டுமா?" என்றாள்.

எனக்குப் பொதுவில் அழுது பழக்கமில்லை. கோபம்தான் வரும். அன்றைக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் அழுகை வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, நான்காவது மாடியையும் அந்த இரண்டு அங்குலத்தையும் சொல்லி அழுதேன். அந்தப் பெண் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு ஆளை நேர்ல அனுப்பறேன். அவர் சரின்னு எழுதினா அன்னைக்கே லெட்டர். இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆறு மாசத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது" என்றாள்.

வீட்டில் வந்து அவரிடம் எதுவும் சொல்லவில்லை. கடிதம் வெள்ளிக்கிழமை என்றேன். "பாத்தியா, நல்ல புடவை கட்டிட்டுப் போனா காரியம் நடக்கும்" என்றார். அந்தப் புடவையைக் கழற்றி எறிந்தேன்.

வியாழக்கிழமை காலையில், ரோலர் சூடேறுவதற்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கத்தினேன். கறை எடுக்கிற பிரிவிலிருக்கும் பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூணாவது தடவையா கூப்பிடறானே, விடாக்கண்டனா இருக்கானேன்னு நெனச்சேண்டி. ஒரேயடியா முடிச்சுடலாம்னுதான்..."

"அதுக்கு என்னைக் கொன்னுட்டீங்களா?"

"உன் மேல உசிரு. அதான் சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து, அது பாதியில் கேவலாக மாறியது. நாளைக்கு என்னைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

ரோலர் பக்கத்திலிருந்து ஆறடி கேட்டான். "எனக்கு வந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

"உனக்கு வந்தா வழக்கம்போலத்தான். நீ பொறக்கவே இல்லைன்னு சொல்லுவோம்" என்றேன்.

"அது போதும்" என்று சிரித்துவிட்டு ஈரப் போர்வையை ரோலரில் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வங்கி ஆள் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு சுற்றுச் சுற்றினார். நீராவியும் சோப்பு நெடியும் அவருக்குப் பிடிக்கவில்லை. என் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு, முதலாளியின் கடிதம் எல்லாம் பார்த்தார். கடைசியில் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். பில் போடுகிற அக்காவும் நானும் மட்டும் அங்கே நின்றோம்.

"காகிதம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மூணு போன்ல மூணு பொய் பதிவாயிருக்கும்மா. இந்த இடத்துல சொல்றதை நம்பலாமான்னு எனக்கே தெரியலை. நான் ஒண்ணு பண்றேன்." பதிவேட்டைத் திருப்பி என் பெயரோடு இன்னும் மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டார். "இன்னைக்கு மூணரைக்குள்ள போன் வரும். இந்த நாலுல யாரை வேணும்னாலும் கேக்கலாம். யார், எங்கேர்ந்து பேசறோம்னு சொல்ல மாட்டோம். உண்மையான பதில் வந்தா கையெழுத்துப் போடறேன்."

எட்டிப் பார்த்தேன். இரண்டாவது பெயர் ஆறடியுடையது.

அவர் போன பிறகு நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இருபதடி தள்ளி நிற்கிற ஆறடியிடம் போய், இந்த மாதிரி உன் பெயரும் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவன் 'என் பேரைச் சொல்ல வேண்டாம்க்கா' என்று சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? பிறகு வேலை நெருக்கடியில் மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எனக்கே ஒட்டவில்லை.

இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. பில் அக்கா கை கழுவப் போயிருந்தார். நான் போனுக்குப் பக்கத்திலேயே தலையணை உறைகளை எண்ணுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். எடுத்தேன்.

ஓர் ஆண் குரல். ஆறடியின் முழுப்பெயரைச் சொல்லி, "சார் அங்கதானே வேலை செய்யறார்? அவருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு, அட்ரஸ் சரிபார்க்கணும்" என்றது.

பார்சல். வசூல்காரர்களின் பழைய தந்திரம் அது. மூன்று வருடத்தில் எங்களுக்கு எத்தனையோ பார்சல் வந்திருக்கிறது, ஒன்றுகூட வந்து சேர்ந்ததில்லை. பார்சல் என்றால் சிரித்துக்கொண்டே 'அப்படி யாரும் இல்லீங்க' என்று வைத்துவிட வேண்டும் என்று பாடம் எடுத்தவளே நான். அந்தக் குரல் வசூல்காரனின் குரல்தான் என்று எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தெரியும்.

அந்த மிச்சம் ஒரு பங்குதான் என்னைத் தடுத்தது. வங்கிக்காரன் சோதிக்க வேண்டும் என்று இப்படிக் கேட்டால்? நான் பொய் சொல்லி, நாலாவது பொய்யும் பதிவாகி, ஐந்து மணி தாண்டிவிட்டால்? நஷ்டஈட்டுப் பணம் மொத்தமும் போய், நான்காவது மாடியில் அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ரோலர் பக்கம் திரும்பினேன். ஆறடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு போர்வையின் இரண்டு முனையையும் பிடித்து உதறிக்கொண்டிருந்தான். ரோலர் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்காது.

"ஆமாங்க. இங்கதான் வேலை செய்யறார்" என்றேன்.

"எத்தனை மணி வரைக்கும் இருப்பார் மேடம்?"

அப்போது அந்த ஒரு பங்கும் போய்விட்டது. வங்கிக்காரன் எதற்கு அதைக் கேட்கப்போகிறான்? ஆனாலும் சொன்னேன். "ஆறு மணி வரைக்கும். நாளைக்கும் வருவார்."

ஏன் நாளையையும் சேர்த்துச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மை சொல்ல ஆரம்பித்தால் முழுசாகச் சொன்னால்தான் செல்லும் என்று தோன்றியிருக்கும். போனை வைத்தபோது ரிசீவர் வியர்வையில் வழுக்கியது.

மூன்று மணிக்கு மறுபடி போன். இந்த முறை பில் அக்கா எடுத்தார். ஒரு பெண் என் பெயரை மட்டும் கேட்டாள். "இருக்காங்கம்மா, நல்லா உயிரோட இருக்காங்க, இதோ என் எதிர்ல நிக்கறாங்க" என்று அக்கா பதறிச் சொன்னார். அவ்வளவுதான். வேறு பெயர் எதையும் அவர்கள் கேட்கவே இல்லை.

நாலு மணிக்கு வங்கி, நாலே முக்காலுக்கு வாத்தியார் வீடு. ஆட்டோவில் கடிதத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு முறை படித்து, "பாஸ்" என்றார். வீட்டுக்கு வந்து நான்கு மாடி ஏறிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் என் கையை இழுத்துத் தன் முகத்தின் மேல் வைத்துக்கொண்டார். கை நனைந்தது. பதினாறு மாதத்தில் நான் வேண்டிக்கொண்ட நிமிஷம் அதுதான். அந்த நிமிஷத்தில் என் காதில் ஓடிக்கொண்டிருந்ததோ ரோலர் சத்தம்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு லாண்டரி வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சட்டையைப் பார்த்தாலே தெரியும், வசூல் ஆட்கள். ஆறடியை வெளியே கூப்பிட்டுப் போனில் ஏதோ போட்டுக் காட்டினார்கள். முதலாளி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு ஆறடியின் கணக்கு முடிந்தது. பதினெட்டு நாள் சம்பளத்தை அவன் கையில் கொடுத்தார்கள். அதில் பாதியை வாசலிலேயே அந்த இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பையை எடுக்க உள்ளே வந்தவன் நேராக என் மேஜைக்கு வந்தான்.

"வீடு ஆச்சாக்கா?"

"ஆச்சு" என்றேன். மறுபடி சொன்னேன். "ஆச்சுடா."

"அப்பாடா." அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போன்ல பதிவு பண்ணி வச்சிருக்காங்கக்கா. போட்டுக் காட்டினாங்க. உங்க குரல்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேஜையில் எண்ணி முடித்த தலையணை உறைகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

"நாலு பேர் பேரை பேங்க்காரர் எழுதிட்டுப் போனாராமே, பில் அக்கா இப்பத்தான் சொன்னாங்க. பேங்க்னு நெனச்சுத்தானே சொன்னீங்க?"

பார்சல் என்ற சொல்லை அந்தப் பதிவில் அவனும்தான் கேட்டிருப்பான். அந்தப் பாடத்தை முன்வரிசையில் உட்கார்ந்து படித்தவன் அவன். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டுக் காத்திருந்தான். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆமாடா. பேங்க்னுதான் நெனச்சேன்."

"அதானே" என்றான். "எனக்குத் தெரியும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோலரை ஒருமுறை பார்த்தான். வேறு யாரோ அங்கே நின்று, போர்வையைக் கோணலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"வீடு மாத்தற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்கக்கா. நாலு மாடி, மாமாவைத் தூக்கி இறக்க ஆள் வேணும்ல. எந்த நாளா இருந்தாலும் சரி, இனிமே எனக்கு வேலை கிடையாது" என்றான்.